படுத்திருக்கும் எட்டு

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எந்த ரகரம் எங்கே வரவேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. வாயால் சொல்லலாம் என்றால் அதுவும் என்னால் ஏலாது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆகவே பிழையோடாவது எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் எழுத்தை மன்னித்து விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியாவில் களப்பு என்கிற உப்புநீர் ஏரியின் கரையோரம் அப்போது ஓர் ஐஸ் மடுவம் இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். அதில் மெஷின் பார்த்தவர் என் வாப்பா. அந்த மெஷினை ஒரு பெரிய மோட்டர் சுழற்றியது. மோட்டர் சுழன்றால் ஐஸ் விளையும், ஐஸ் விளைந்தால் ஊராரின் மீன் லொறி ஏறும், லொறி ஏறினால் எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கும். மோட்டர் நின்றால் மீனை மத்தியானத்துக்குள் வந்த விலைக்குத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கருவாடு போட வேண்டும். சண்டைக் காலமாதலால் கடலுக்குப் போக விடுகிற நேரமே கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடித்ததைக் கெடாமல் காத்தது அந்த மோட்டர்தான். எனக்கு அது பெருமை. என் வாப்பா இல்லாவிட்டால் ஊரே நாறிப்போகும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருதடவை சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்த வருஷம் மாரி மழை விடாமல் பெய்து, களப்பு பெருகி ஊருக்குள் வந்தது. மடுவத்துக்குள் இடுப்பளவு உப்புத் தண்ணீர். மோட்டரை நிலத்தோடு ஆணி இறுக்கி வைத்திருந்ததால் தூக்க முடியவில்லை, அது தண்ணீருக்கடியில் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வாப்பா அதன் விசிறி மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு நண்டு வெளியே வந்து, எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் களப்புப் பக்கம் நடந்து போனது. யாரும் சிரிக்கவில்லை.

கொழும்பிலிருந்து புது மோட்டர் எடுப்பது அப்போது நடக்கிற காரியமில்லை. வழியெல்லாம் தடை, அப்படிப்பட்ட சாமானுக்கு அனுமதி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. முதலாளி நல்ல மனிதர். வாப்பாவின் தோளில் கைவைத்துத்தான் சொன்னார்: “நோன்புப் பெருநாளைக்குள்ள இது ஓடாட்டி மடுவத்தைப் பூட்டிருவன். ஒண்டும் மனசில வைக்காதீங்க.”

வாப்பா மனதில் ஒன்றும் வைக்கவில்லை. பாஸ்போட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். கட்டாருக்கு ஆள் அனுப்புகிறவர் ஒருவர் நகரத்தில் இருந்தார். பெருநாள் முடிந்தவுடன் பயணம் என்று அவர் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். உம்மா ஒரு பயணப் பெட்டி வாங்கி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அப்படியொரு பெட்டி வீட்டில் இல்லை என்பது போல நடந்துகொண்டார். எனக்கோ படுக்கப் போனால் அந்தப் பெட்டிதான் முதுகுக்குக் கீழே இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனின் வாப்பா வெளிநாட்டிலிருந்து பெரிய ரேடியோவோடு வந்து இறங்கிய நாளில், அவன் அவரைப் பார்த்து “உம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு” என்று கத்தியதை நான் என் காதால் கேட்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் உம்மாவின் தம்பி, என் மாமா, கதைக்குள் வருகிறார். அவர் நகரத்தில், துறைமுகத்துக்குக் கிட்ட, மோட்டர் கட்டுகிற ஒரு வேலைத்தலத்தில் இருந்தார். தொழுகைக்கும் அவருக்கும் தூரம் அதிகம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூட கடைசி வரிசையில் ஓடிவந்து நின்று, தொழுகை முடிவில் சலாம் கொடுத்த கையோடு வெளியே நிற்பார். மச்சானுடைய மோட்டர் நனைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, வேலைத்தலத்திலிருந்து ஒரு பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

துறையடியில் அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்கிற மிதக்கும் இரும்புத் தளத்தில்தான் வண்டியும் சனமும் கடக்க வேண்டும். இறங்கும் இடத்தில் ஆமிக்காரர்களின் சோதனை. நானும் வாப்பாவும் மாமாவைக் கூட்டிவரப் போய் ஒரு பக்கமாக நின்றோம். மாமாவின் உரப்பையைத் திறந்த ஆமிக்காரர் சட்டென்று பின்னால் போனார். துவக்குகள் உயர்ந்தன. சனம் தானாக விலகி மாமாவைத் தனியே விட்டது.

உள்ளே இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. பக்கத்தில் கையால் சுழற்றுகிற பிடி, அதிலிருந்து நீளமான இரண்டு கம்பிகள். அந்தக் காலத்தில் பிடியும் இரண்டு கம்பியும் உள்ள பெட்டி என்றால், அதை எதற்குச் சுழற்றுவார்கள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வாப்பாவின் கை என் தோளை நசுக்கியது. மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு குனிந்து ஒரு காய்ந்த குச்சியைப் பொறுக்கினார். பெட்டியின் இரண்டு கம்பி நுனியிலும் இருந்த கவ்விகளைக் குச்சியின் இரு பக்கமும் கடிக்கவிட்டு, பிடியைச் சுழற்றினார். பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு முள் எழுந்து கடைசி முனைக்குப் போய் நின்றது. குச்சியைக் களப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து மறுபடியும் சுழற்றினார். முள் விழுந்து சைபரில் ஒட்டிக்கொண்டது.

“கரண்ட் கசியுதா எண்டு பாக்கிற பெட்டி, சேர்” என்று தமிழிலும் ஒருதடவை சொன்னார். “காய்ஞ்சது எண்டா கசியாது. ஈரம் எண்டா கசியும். அவ்வளவுதான்.”

பெரியவராக இருந்த ஆமிக்காரர் கிட்ட வந்தார். கவ்விகளைக் குச்சியிலிருந்து கழற்றி நிலத்தில் போட்டுவிட்டு, சும்மா பிடியைச் சுழற்றிப் பார்த்தார். முள் கடைசி முனைக்குப் போய் விறைப்பாக நின்றது. அவருக்குச் சந்தோஷம். இரண்டாம் முறையும் சுழற்றினார், அப்போதும் அப்படியே நின்றது. சிரித்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். துவக்கு வைத்திருப்பவருக்கு முள்ளும் எழுந்து மரியாதை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கிட்டப் பார்த்தேன். சுழற்றாத நேரம் முள் எங்கே வேண்டுமானாலும் கிடந்தது, நித்திரை கொள்ளும் பிள்ளை மாதிரி. கண்ணாடிக்குள் ஒரு பக்கம் சைபர். அதிலிருந்து ஒன்று, ரெண்டு, ஐந்து, பத்து என்று ஏறி, நூறு, இருநூறு என்று நெருங்கி, மறுமுனையில் இலக்கமே இல்லாத ஓர் அடையாளம். ஓர் எட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் படுக்கப்போட்டது போல இருந்தது.

“இது எத்தினை, மாமா?”

“அதுவா? அது கணக்குக்கு அடங்காதது.”

“நூறை விடப் பெரிசா?”

“எத்தினை நூறு வேணுமெண்டாலும் சேர்த்துக்க. அதுக்கும் அங்கால.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அல்லாஹ்வின் அருளுக்குத்தான் கணக்கில்லை என்று ஓதுகிற பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். இங்கே ஒரு கறுப்புப் பெட்டிக்குள், கண்ணாடிக்குக் கீழே, அப்படி ஒரு கணக்கு படுத்திருக்கிறது. மணலில் அதை எழுதிப் பழகினேன். ஆறாம் வகுப்பில் இதைச் சொல்லித் தருவார்கள் என்று நம்பினேன். ஆறாம் வகுப்புக்கு நான் போகவில்லை.

அடுத்த நாள் மாமா செய்த காரியத்தைப் பார்த்து மடுவத்தில் கூடியிருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். மோட்டரைப் பிரித்து, சுழலும் பகுதியை வெளியே எடுத்து, செப்புக் கம்பி சுற்றியிருந்த வெளிக்கூட்டைக் கிணற்றடிக்கு உருட்டிப் போய், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார். நனைந்து கெட்டுப்போன சாமானை மறுபடியும் நனைப்பதா?

“மையித்தையா குளிப்பாட்டுறீங்க?” என்று, செத்தவரைக் கழுவுவது போல இருந்ததால் ஒருவர் கேட்டார். “கஃபன் துணியும் கொண்டு வரவா?”

“உப்புப் போகணும், காக்கா” என்றார் மாமா, அண்ணன் முறை வைத்து. “உப்பு கிடந்தா எவ்வளவு காய்ஞ்சாலும் ஈரத்தை இழுக்கும். உங்கட கருவாடு மழைக்கு என்ன செய்யுது?”

கருவாட்டை இழுத்ததும் கேள்வி கேட்டவர் அடங்கிவிட்டார். எங்கள் ஊரில் கருவாடு தெரியாதவர் இல்லை.

கழுவிய கூட்டை வெயிலில் வைத்தார்கள். வெயில் எங்கே இருந்தது? மூடாப்பும் தூறலும்தான். மாமா நாள்தோறும் அளப்பார். கூட்டின் காலில் இருந்த ஒரு ஆணியைப் பேனாக்கத்தியால் சுரண்டி வெள்ளியாகப் பளபளக்க வைத்து, ஒரு கவ்வியை அதில் நறுக்கென்று கடிக்கவிடுவார். மற்றதைச் செப்புக் கம்பியின் நுனியில் மாட்டுவார். பிடியைச் சுழற்றுவார். முள் சைபரை விட்டு அசைய மனமில்லாமல் கொஞ்சம் அசையும். இப்படியே போனால் நோன்புப் பெருநாள் மட்டுமல்ல, ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துவிடும் என்று வாப்பா சொன்னார். அப்போதுதான் மாமா பேக்கரியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பேக்கரிக்காரர் வாப்பாவோடு படித்தவர். பெரிய உடம்பு, எப்போதும் புருவத்தில் மாவு. நோன்பு மாதத்தில் அவருடைய போறணை, அந்தப் பெரிய செங்கல் அடுப்பு, பின்னேரம்தான் எரியும், நோன்பு திறக்கவும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கும் பாண் போட. மற்ற மாதங்களில் விடியற்காலையில் எரிகிற போறணை, அந்த மாதம் காலை முழுக்க வெறும் சூட்டோடு சும்மா கிடக்கும். மாமாவுக்கு வேண்டியது அந்தச் சும்மா கிடக்கிற சூடு.

“பாண் போடுற போறணையில மோட்டரைப் போடச் சொல்றீங்க” என்றார் பேக்கரிக்காரர். “நாளைக்குச் சனம் பாணைப் பிளக்கில கொழுவித்தான் தின்னணும்.”

“ஏலா எண்டா ஏலா எண்டு செல்லு மச்சான்” என்றார் வாப்பா.

அவர் ஏலா என்று சொல்லவில்லை. ஓர் இரும்புக் கோலை எடுத்துவந்து, மோட்டர் நுழைவதற்காகத் தன் போறணையின் வாயில் ஒரு வரிசைக் கல்லைப் பெயர்த்துப் போட்டார். பாணுக்குப் போகிற சூடு மோட்டருக்கு ஆகாது, செப்புக் கம்பியில் பூசியிருக்கும் வார்னிஷ் கருகிவிடும் என்று மாமா சொன்னபோது, ஒரு சிட்டிகை மாவை எடுத்துப் போறணைத் தளத்தில் எறிந்தார். மாவு பழுத்தது. “இது பாண் சூடு.” கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி எறிந்தார். மாவு மாவாகவே கிடந்தது. “இந்தா உங்கட மோட்டர் சூடு. கொண்டாங்க மாப்பிள்ளையை.”

அன்றிலிருந்து பள்ளி விடுமுறை மாதிரி எனக்குப் பேக்கரிதான். பள்ளிக்கூடத்தில் வெள்ளத்தால் வந்த குடும்பங்கள் இருந்ததால் வகுப்பு நடக்கவில்லை. நான் யாருக்கும் தெரியாமல் ஒரு நியத்து வைத்தேன். அதுவரை எனக்கு அரை நோன்புதான். மத்தியான லுஹர் தொழுகை வரைக்கும் பிடித்துவிட்டு உம்மா தருவதைத் தின்பேன். இனி முழு நோன்பு, முள் படுத்திருக்கும் எட்டுக்குப் போகும்வரைக்கும் விடுவதில்லை என்று அல்லாஹ்வோடு பேசிக்கொண்டேன். முள் அங்கே போனால் மோட்டர் ஓடும், மோட்டர் ஓடினால் பெட்டி கட்டிலுக்கடியிலேயே கிடக்கும். என் கணக்கு எனக்கு நேராகவே இருந்தது.

முழு நோன்பு பிடித்த முதல் நாளே முள் இறங்கியது. காலையில் போறணைக்குள் தள்ளுவதற்கு முன்னர் ஒன்றுக்குக் கிட்ட நின்றது. மத்தியானம் சங்கிலியில் வெளியே இழுத்து அளந்தபோது, பழையபடி சைபரில் ஒட்டிக் கிடந்தது. அன்று பார்த்து முதலாளியும் வந்திருந்தார்.

“சுட்டுப் பழுதாக்கிட்டீங்க” என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“இல்ல, முதலாளி. உள்ளுக்குக் கிடந்த ஈரம் இப்பதான் வெளிய வர வெளிக்கிடுது. அது வாற வழியெல்லாம் நனையும். இறங்கித்தான் ஏறும்.”

“ஏறாட்டி?”

மாமா குனிந்து கவ்வியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் வாப்பா நகரத்துக்குப் போய்ப் ஆள் அனுப்புகிறவரைக் கண்டு, பேரைப் பதிந்துவிட்டு வந்தார். உம்மா கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டார். அப்படியே குடித்து முடித்தோம்.

முள் நாலைந்து நாள் கீழேயே கிடந்தது. பேக்கரிக்காரரின் வாடிக்கையாளர்கள் பாணை மூக்கில் வைத்து மணந்து பார்த்து, “இண்டைக்கு மோட்டர் நல்லா வெந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்கள். பிறகு ஒருநாள் முள் சைபரை விட்டுக் கிளம்பியது. மறுநாள் ஒன்றைத் தாண்டியது. எனக்குப் பாண் மணமும் வெறும் வயிறும் சேர்ந்து தலை சுற்றும். ஆனாலும் அந்த முள் எழும்புவதைப் பார்க்கும்போது பசி எங்கே போனது என்று தெரியாது. யாரும் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தடுத்து நிறுத்துவதை, நூலளவு முள் எழுந்து நின்று சொல்கிறது. ஈரம் போவதை வேறு யாராவது இப்படிப் பார்த்திருப்பார்களா? நான் பார்த்தேன்.

ரெண்டுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. போறணைக்குள் தள்ளி எடுத்தாலும் ரெண்டு, தள்ளாமல் விட்டாலும் ரெண்டு.

“ரெண்டு போதும்” என்றார் மாமா. “இந்த மோட்டருக்கு ஒண்டு இருந்தாலே ஓட்டலாம். வேலைத்தலத்தில நாங்க ஓட்டுறதான்.”

முதலாளி தலையை ஆட்டினார். “இது புதுசா வந்த அண்டு, பூட்ட வந்தவரும் இப்பிடி ஒரு பெட்டியைச் சுத்தினாரு. முள்ளு கடைசியில போய் நிண்டதை நான் என்ட கண்ணால பாத்தன். அங்க போனாப் போடுவம்.”

அவரையும் குறை சொல்ல முடியாது. முன்னொரு காலத்தில் அதே மடுவத்தில் ஒரு மோட்டர் எரிந்து, கூரை மரத்தில் நெருப்புப் பிடித்தது. அணைக்கப் போன அவருடைய தம்பியின் வலது கை வெந்து சுருண்டுவிட்டது. அந்தத் தம்பி இடது கையால் எங்களுக்கு மிட்டாய் தருவார். நாங்கள் எல்லாரும் அதை வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்.

பெருநாளைக்கு ஒருசில நாள்தான் இருந்தது. அன்று மத்தியானம் நான் பேக்கரிச் சுவரில் சாய்ந்தபடி சரிந்துவிட்டேன். மாமா தூக்கி உட்கார வைத்தார். முகத்தில் தண்ணீர் அடித்தார்.

“எத்தினை நாளா முழு நோன்பு பிடிக்கிறாய்?”

நான் கீழே சிந்திக் கிடந்த மாவை விரலால் வழித்தேன்.

“இந்த வயசில உனக்குக் கடமை இல்லையே. என்னத்துக்குடா?”

யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் கேட்டது மெதுவாக. “முள்ளுக்கு” என்றேன்.

மாமா எதற்கும் சிரிக்கிற மனிதர். அன்று சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு போறணை வாயில் கிடந்த மோட்டரைப் பார்த்தார். என் தலையில் கைவைத்து அழுத்திவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை, வாப்பா கையில் ஒரு டின் பச்சைப் பெயிண்டோடு வந்தார். வள்ளத்துக்கு அடிக்கிற கெட்டிப் பெயிண்ட். மாமா சொல்லித்தான் வாங்கி வந்தாராம். சுரண்டிய ஆணியையும் விடாமல் மோட்டரின் கூடு முழுக்க அடித்தார்கள், காய்ந்ததும் இன்னொரு தடவை அடித்தார்கள். பெருநாளைக்கு எங்களுக்கெல்லாம் புது உடுப்பு எடுப்பது போல மோட்டருக்கும் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். பேக்கரிக்காரரும் அதையேதான் சொன்னார்: “உடுப்பு எடுத்தாச்சு, இனி அத்தர் பூசுறதுதான் பாக்கி.”

தலைப்பிறை எதிர்பார்த்திருந்த நாளின் பின்னேரம் முதலாளியைக் கூப்பிட்டார்கள். தம்பியோடு வந்தார். மாமா பெட்டியைத் திறந்தார். ஒரு கவ்வியைச் செப்புக் கம்பியில் மாட்டினார். மற்றதைக் கையில் எடுத்தார். அன்று பேனாக்கத்தியை எடுக்கவில்லை. கவ்வியை நறுக்கென்று கடிக்க விடவுமில்லை. மோட்டரின் தலையில் இருக்கும் தூக்கு வளையத்தில், பச்சைப் பெயிண்டின் மேல், பிள்ளைக்குத் தொப்பி வைப்பது போல மெதுவாக வைத்தார்.

பிடியைச் சுழற்றினார்.

முள் எழுந்தது. ரெண்டைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, நூறு, இருநூறு என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் ஒரே வீச்சில் கடந்து, படுத்திருக்கும் எட்டின் மேல் போய் நின்றது. நான் இத்தனை நாளாக எதற்காகப் பசித்திருந்தேனோ அது என் கண்முன்னால் நிற்கிறது. சுழற்றச் சுழற்ற அசையாமல் நின்றது. எனக்கு அழுகை வந்தது. முதலாளி குனிந்து கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் மோட்டரைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே மோட்டரை மாட்டுவண்டியில் ஏற்றி மடுவத்தில் பூட்டினார்கள். பெருநாள் தொழுகை முடிந்து, புது உடுப்போடு அரைவாசி ஊர் மடுவத்தில் கூடியது. மாமா எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னார். மெஷினைச் சுழற்றும் பட்டியைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டரைத்தான் முதலில் ஓட்டுவது என்றார். வாப்பா சுவிட்ச்சுக்குப் போனார். அது அவருடைய வேலை, ஒவ்வொரு நாளும் அவர் போடுகிற சுவிட்ச். மாமா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

“நீங்க வெளிய போங்க, மச்சான்.”

“என்ட மெஷின்தானே.”

“போங்க எண்டா போங்களன். லாத்தா தனிய நிக்கிறா.”

லாத்தா என்றது என் உம்மாவை. உம்மா தனியாக நிற்கவில்லை, சுற்றிப் பத்துப் பெண்கள் நின்றார்கள். மாமாவுக்குத் தானே போட்டுப் பேர் வாங்க ஆசை என்று எனக்குக் கொஞ்சம் கோபம். வாப்பா வாசல்வரை வந்து நின்றுகொண்டார். அவருடைய காலிடுக்கால் நான் உள்ளே பார்த்தேன்.

மாமா சுவிட்ச்சில் கைவைத்தார். போடவில்லை. கைவைத்தபடியே நின்றார். உதடு அசைந்தது. வெளியே ஒரு குழந்தையின் ஊதுகுழல் மட்டும் கேட்டது. ஜும்ஆவில் சலாம் கொடுத்தவுடன் ஓடுகிற என் மாமா, இவ்வளவு நீளமான துஆவை எப்போது பாடமாக்கினார் என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

பிறகு போட்டார். மோட்டர் ஒரு முறை முனகி, ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது. மாமா அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, சூட்டைப் பார்த்துக்கொண்டு, பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் அங்கேயே நின்றார். அவருக்குப் பெருநாள் சோறு மடுவத்துக்குத்தான் போனது.

வாப்பா கட்டாருக்குப் போகவில்லை. உம்மா கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில் பழைய உடுப்புகளைப் போட்டு வைத்தார். அந்த மோட்டர், கடல் ஊருக்குள் வந்த வருஷம் மடுவத்தோடு அள்ளுண்டு போகும்வரைக்கும் ஓடியது. மாமா மவுத்தாகிச் சில வருஷமாகிறது. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கட்டும்.

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புதிதாகக் கரண்ட் வயர் இழுத்தோம். வேலைக்கு வந்த பொடியன் ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தான். பிடி கிடையாது, பொத்தானை அமுக்கினால் போதும். இரும்புப் பெட்டியில் ஒரு கவ்வியை மாட்டி அமுக்கினான். எண் வரவேண்டிய இடத்தில், என் மணலில் நான் எழுதிப் பழகிய அதே படுத்திருக்கும் எட்டு வந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு கண்டேன். எனக்கு உடம்பு பழையபடி சிலிர்த்தது.

அவன் உச்சுக் கொட்டினான். “பெயிண்டில கொழுவிட்டன், அங்கிள். கவ்வி இரும்பில தொடாட்டி இப்பிடித்தான் காட்டும். அப்ப இது வயரையே அளக்கல்ல, சும்மா இருக்கு.” திருகாணியால் பெயிண்டைச் சுரண்டி, பளபளப்பு வந்ததும் மறுபடி மாட்டினான். இப்போது ஓர் ஒழுங்கான எண் வந்தது. அவனுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும் என்பதையும் மறந்து நான் நின்றிருந்தேன். துறையடியில் கவ்விகளை நிலத்தில் போட்டுவிட்டுச் சும்மா சுழற்றிய ஆமிக்காரருக்கு முள் ஏன் எழுந்து நின்றது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாப்பாவுக்கு இப்போது காது கேட்பது குறைவு. கிட்ட உட்கார்ந்து, நான் கண்டதைச் சொன்னேன். அன்றைக்கு மாமா கவ்வியைப் பெயிண்டின் மேல் வைத்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“பெயிண்ட் வாங்கிக்கொண்டு வந்தது நான்தானே” என்றார்.

அப்படியென்றால் பெருநாள் காலையில் மாமாவின் கை சுவிட்ச்சின் மேல் இருந்தபோது, முள் உண்மையில் ரெண்டில்தான் நிற்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். ரெண்டு போதும் என்று சொன்னவரும் அவர்தான். போதாவிட்டால் என்ன நடக்கும் என்று, மிட்டாய் தருகிற அந்த இடது கையைப் பார்த்து அவருக்கும் தெரியும். என் நோன்பு எதற்கு என்பதும் தெரியும். பத்து வயதில் காலிடுக்கால் பார்த்த எனக்கு, அது நீளமான ஒரு துஆவாக மட்டும்தான் தெரிந்தது.

எழுதி முடித்தது: 2026 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. நோன்பு பிறக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.